‘மீட்டமை’ என்று பெயர் வைத்தவள்

முத்துலட்சுமி காபி டம்ளரை எனக்கு முன்னால் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் மேசையில் சிந்தியது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

“இந்தப் பேரை வச்சவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும் மேடம். இதே நாற்காலியில உக்கார வச்சு, ரெண்டு வருசமா நான் அடிச்சதை ஒரு எழுத்து விடாம அவனைத் திரும்ப அடிக்க வைப்பேன். அதுக்குப் பொறவுதான் அவனுக்குப் பச்சைத் தண்ணியே.”

பெயரை வைத்தவள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். பச்சைத் தண்ணீருக்கும் மேலாகக் கையில் காபியே இருந்தது.

“ஆமா, யாரோ வெவரம் இல்லாத ஆளு,” என்றேன் நான்.

காபி மிக நன்றாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பாலுக்கு என்ன குறை? நன்றாக இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்து என்ன செய்தேன்

போன வாரம், சென்னை வேலையை விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கே திரும்பிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், ‘திரும்பி வந்து என்ன சாதித்தீர்கள்?’ என்று ஒரே வரியில் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அவருக்கான பதில். படித்து முடித்தபின், கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றக்கூடும்.

தென்காசி சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். முதலாளி ரகு ராஜா. வீட்டில் தெலுங்கு, அலுவலகத்தில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவருடைய சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மில் வைத்திருந்தார்கள், மீதிப் பேர் மாந்தோப்பு. இவருக்கு மட்டும் கம்ப்யூட்டர் ஆசை. அதிலும் ஒரு தனி ஆசை. திறந்ததிலிருந்து மூடுகிற வரைக்கும் தமிழிலேயே பேசுகிற கம்ப்யூட்டர். பள்ளிக்கூடம், படிப்பகம், பயிற்சி மையம் என்று எல்லா இடத்திலும் அது உட்கார்ந்திருக்க வேண்டும்.

உள்ளே ஓடுகிற சமாசாரங்களைச் செந்தில் பார்த்துக்கொண்டார். திரையில் தெரிகிற சொற்களும், எந்தச் சொல் எங்கே உட்கார வேண்டும் என்பதும் என் பொறுப்பு. முக்கியமாக ‘செட்டிங்ஸ்’. எழுத்தைப் பெரிதாக்க, சத்தத்தைக் குறைக்க, கடவுச்சொல்லை மாற்ற என்று நாம் போய்த் தேடி, கிடைக்காமல் திரும்பி வருகிற பக்கம் இருக்கிறதே, அது.

நான் கல்லூரியில் தமிழ் படித்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள். தமிழ்க்காரர்கள் என்னைக் கம்ப்யூட்டர் ஆள் என்றார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் தமிழ் ஆள் என்றார்கள். எனவே இரண்டு தரப்பும் என்னைக் கேள்வி கேட்டதில்லை. ஒரு ஆள் கெட்டுப்போக இது போதும்.

ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லாமல் செட்டிங்ஸ் முழுவதையும் தமிழாக்கினேன். ‘அட்வான்ஸ்டு’ என்று ஒரு பகுதி உண்டு. விவரம் தெரிந்தவர்கள் மட்டும் கைவைக்க வேண்டியது. அதற்கு ‘மேம்பட்டவை’ என்று பெயர் வைத்தேன். வத்திராயிருப்புப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கம்ப்யூட்டரைத் திறந்ததும் நேராக அங்கேதான் போனார். ஏன் சார் என்று கேட்டேன்.

“மேம்பட்டது இருக்கும்போது மட்டமானதுக்கு எதுக்கும்மா போகணும்?” என்றார்.

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதே யோசித்திருக்கலாம்.

துயிலும் உறக்கமும்

கம்ப்யூட்டருக்கு இரண்டு வகைத் தூக்கம் உண்டு. ஒன்று லேசானது. தொட்டால் விழித்துக்கொள்ளும். இன்னொன்று ஆழமானது. எழுப்பக் கொஞ்சம் நேரமாகும். லேசானதற்கு ‘உறக்கம்’ என்றும் ஆழமானதற்குத் ‘துயில்’ என்றும் பெயர் வைத்தேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று செந்தில் கேட்டார். அரை மணி நேரம் விளக்கினேன். முடிவில் அவர் ஏதோ ஒரு நிலைக்குப் போயிருந்தார். துயிலா உறக்கமா என்று நான் கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு படிப்பகத்தில் இதைக் காட்டியபோது, பத்திரிகை படிக்க வந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

“துயில்னா பெருமாளுக்கு. உறக்கம்னா நமக்கு. இப்ப இந்தக் கம்ப்யூட்டரு பெருமாளா, நம்மாளா?”

படிப்பகமே சிரித்தது. நானும் சிரித்தேன். பெயரை மாற்றவில்லை.

எங்கள் வீட்டில் இது பரம்பரை வியாதி. அப்பா ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரீசியன். எங்கள் வீட்டு ஹாலில் எட்டு சுவிட்சுகள் கொண்ட ஒரு போர்டு இருந்தது. எது விளக்கு, எது காற்றாடி என்று யாருக்கும் தெரியாது. அம்மா தினமும் புலம்பியதால், அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பிளாஸ்திரி வாங்கி வந்து ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே பெயர் எழுதி ஒட்டினார். ‘கிழக்கு 1’, ‘கிழக்கு 2’, ‘மேற்கு 1’... வயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்பது அவர் கணக்கு. அவருக்கு அது பட்டப்பகல் மாதிரித் தெளிவு.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், “வெக்கையா இருக்கு, அந்தக் கிழக்கு ரெண்டைப் போடுங்க,” என்று விருந்தாளிகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் பாவம், ஜன்னலைத் திறந்தார்கள்.

அப்பாவைக் கேலி செய்தே வளர்ந்தவள் நான். பிறகு வேலைக்குப் போய், சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே செய்தேன்.

இயல்புநிலை

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டர் தாறுமாறாகக் குழம்பிப் போனால், உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, வாங்கிய நாளில் இருந்தது போல ஆக்கிவிட ஒரு வழி உண்டு. ‘ரீசெட்’. அதற்கு நான் வைத்த பெயர் ‘மீட்டமை’. மீண்டும் அமைப்பது மீட்டமைப்பது. இலக்கணப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ரகு ராஜா, “சபாஷ், ஒரே சொல்லு!” என்றார். பொத்தானுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு விளக்கமும் போட்டேன்: ‘கணினி இயல்புநிலைக்குத் திரும்பும்.’

அந்தப் பொத்தானை எங்கே வைத்தேன் தெரியுமா? முதல் பக்கத்தில், எழுத்தின் அளவை மாற்றுகிற இடத்துக்குக் கீழே. அந்த இடத்துக்கும் பார்த்தால் புரியாத ஒரு பெயர்தான் வைத்திருந்தேன். அங்கே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. வைத்துப் பார்த்தபோது பக்கம் லட்சணமாக இருந்தது. மற்றப் பொத்தான்களைப் போலவே அதற்கும் அழகான நீலம்.

முத்துலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி ஹாலை வாடகைக்கு எடுத்து, போலீஸ் தேர்வு எழுதும் பெண்களுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். கான்சாபுரத்தில் விவசாயக் குடும்பம். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ. அண்ணன் போலீசில். அவளும் ஒரு காலத்தில் அதே தேர்வை எழுதி, இரண்டு மார்க்கில் கோட்டை விட்டவள். பிறகு கல்யாணம், குழந்தைகள், வயது வரம்பு.

“எனக்குத்தான் வயசு தாண்டிருச்சு. கேள்விக்கு வயசு தாண்டலைல்லா?” என்பாள்.

பழைய கேள்வித்தாள்களையெல்லாம் தேடிப் பிடித்து, பாடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று தன் சொந்த வார்த்தையில் எழுதி, இரண்டு வருடமாக எங்கள் தமிழ்க் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வைத்திருந்தாள். வருகிற பெண்களுக்கெல்லாம் அதுதான் பாடம்.

ஒருநாள் காலையில் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரிச் சிறுத்துவிட்டது. யாரோ எதையோ அமுக்கியிருக்கிறார்கள். பெரிதாக்கலாம் என்று செட்டிங்ஸ் போனாள். கண்ணில் பட்டது, மீட்டமை.

காபிக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்னது இது:

“வெள்ளம் வடிஞ்சா பேப்பர்ல போடுவான்லா, ‘இயல்புநிலை திரும்பியது’ன்னு? அப்படித்தான் மேடம் நெனச்சேன். எழுத்து பழையபடி வந்துரும்னு. அது ஒரு தடவை கேக்கத்தான் செஞ்சுச்சு, ‘உறுதியாக மீட்டமைக்க வேண்டுமா?’ன்னு. உறுதியா மீட்கணும்னுதான ‘ஆம்’னு அமுக்கினேன்? நான் என்ன அரைமனசாவா கேட்டேன்?”

கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழுந்தது. ‘வணக்கம்! உங்கள் புதிய கணினிக்கு நல்வரவு!’ என்றது. அந்த ஆச்சரியக் குறிகளும் நான் போட்டவைதான்.

“எழுத்து மட்டும் நல்லாப் பெருசா இருந்துச்சு மேடம். வேற ஒண்ணுமே இல்லை.”

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது.

பதமாகச் சொல்லப் போனவள்

அவள் தொலைபேசியில் அழைத்த அன்று ரகு ராஜா என்னைக் கூப்பிட்டு, “தப்பு அந்தம்மா மேலதான். அமுக்கினது அவங்க. நீ போய் மனசு நோகாம, பதமா எடுத்துச் சொல்லிட்டு வந்துரு,” என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரமும் எப்படிப் பதமாகச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஹாலில் நுழைந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, “நகல் எடுத்து வைக்கலையா?” என்பது. அவள் பழைய பென்டிரைவ் ஒன்றை எடுத்துக் காட்டினாள். அதில் முதல் நான்கு பாடங்கள் மட்டும் இருந்தன.

அதன் பிறகு காபி வந்தது. பதமாகச் சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதையும் சொல்லவில்லை.

செந்தில் அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து, மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினார். பாதி கிடைத்தது. ஆனால் துண்டு துண்டாக. கேள்வி ஒரு துண்டில், விடை இன்னொரு துண்டில், விளக்கம் வேறெங்கோ. எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு பெரிய பைக்குள் திணித்துக்கொண்டு போனேன். ‘கீழ்க்கண்டவற்றுள் எது பாலூட்டி?’ என்ற கேள்விக்கு அடுத்த தாளில் ‘விடை: கிராம ஊராட்சி’ என்று இருந்தது.

முத்துலட்சுமி அதைப் படித்துவிட்டு, முதல் முறையாகச் சிரித்தாள். “எங்க ஊராட்சியைப் பத்தி உங்களுக்கு ஆரு சொன்னா?” என்றாள்.

தினமும் காலையில் பஸ் ஏறிப் போனேன். அலுவலகத்தில் ‘வாடிக்கையாளர் சேவை’ என்று சொல்லிவைத்தேன். வகுப்புப் பெண்கள் தங்கள் நோட்டுகளைக் கொண்டுவந்தார்கள். கேள்விகளையும் விடைகளையும் கையால் எழுத வைப்பது முத்துலட்சுமியின் வழக்கம் என்பதால் அவை பெரும்பாலும் தப்பித்திருந்தன. ஒருவர் வாசிக்க, ஒருவர் தட்டச்சு செய்ய, நான் துண்டுகளைப் பொருத்தினேன்.

ஆனால் விளக்கங்களை யாரும் நோட்டில் எழுதியிருக்கவில்லை. அவை முத்துலட்சுமியின் தலையிலிருந்துதான் திரும்ப வர வேண்டியிருந்தது. பல வந்தன. ஒரு மதியம், தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

“இதுக்கு நான் நல்லா ஒண்ணு எழுதியிருந்தேன் மேடம். படிச்சா மறக்கவே மறக்காது. என்னன்னு வரமாட்டேங்குது.”

செத்த நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கவில்லை, கோபமும் இல்லை. ஒரு பொருளை வைத்த இடம் மறந்து நிற்கிறவள் மாதிரி இருந்தாள். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அடுத்த துண்டுத் தாளைப் படிக்க முடியவில்லை. எழுத்து எதுவும் தெரியவில்லை.

பூச்சிமருந்து

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். அந்த ஹாலில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. செட்டிங்ஸுக்குள் போன பெண்கள் யாருமே போன காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பவில்லை. சத்தத்தைக் குறைக்கப் போனவர் ‘ஒலி’யைத் தேடினார். நான் அதை ‘ஊடகம்’ என்பதற்குள் வைத்திருந்தேன். கடவுச்சொல்லை மாற்றப் போனவர் ‘விருப்பத்தேர்வுகள்’, ‘அமைவுகள்’, ‘முன்னுரிமைகள்’ என்ற மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்தார். மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கே விடை தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, எல்லாவற்றையும் சீட்டுகளில் எழுதிக்கொண்டு போனேன். பெயர்களை எழுதவில்லை. ‘எழுத்தைப் பெரிதாக்க’, ‘சத்தத்தைக் குறைக்க’, ‘பிரிண்டரைச் சேர்க்க’ என்று, என்ன செய்யும் என்பதை மட்டும் எழுதினேன். இடைவேளையில் தரையில் பரப்பி, “எதை எதோட வைக்கலாம்னு நீங்களே வச்சுக் காட்டுங்க,” என்றேன்.

பேச்சியம்மாள் என்று ஒரு பெண். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து, கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு வருகிறவள். சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்து நான்கு குவியல் போட்டாள்.

“இது பாக்குறதுக்கு. இது கேக்குறதுக்கு. இது தட்டுறதுக்கு. இது வெளிய பேசுறதுக்கு, இன்டர்நெட்டு, பிரிண்டரு எல்லாம். அம்புட்டுத்தான?”

ஆறு மாதம் நான் வரைந்து வரைந்து அழித்த படத்தை அவள் ஒரு டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டாள்.

கடைசியாக ஒரு சீட்டு மிஞ்சியது. ‘எல்லாக் கோப்புகளையும் அழித்துவிட்டு, புதிய கணினி போல ஆக்க.’ பேச்சியம்மாள் அதை நிதானமாகப் படித்துவிட்டு, நான்கு குவியலில் எதிலும் சேர்க்காமல் கையில் வைத்திருந்தாள்.

“இது இப்ப எங்கன இருக்கு?”

“எழுத்தைப் பெருசாக்குறதுக்குக் கீழ,” என்றேன்.

“பூச்சிமருந்தை யாராச்சும் அடுப்படியில வைப்பாகளா? அதுவும் எண்ணெ பாட்டில்லயே ஊத்தி?” எழுந்து போய், ஹாலின் மறுகோடியில் வாசற்படி ஓரமாக அந்தச் சீட்டை வைத்துவிட்டு வந்தாள். “அங்கன கெடக்கட்டும். வேணும்கிறவிய நடந்து போய் எடுக்கட்டும்.”

“பேரு என்ன வைக்கலாம்?”

“எல்லாத்தையும் அழின்னு வைங்க. அதைத்தான செய்யுது?”

“கொஞ்சம் கடுமையா இருக்கே...” என்று இழுத்தேன்.

“செய்யுற வேலையும் கடுமையாத்தான இருக்கு,” என்றாள் பின்னாலிருந்து முத்துலட்சுமி.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்யாதவள் நிற்பது மாதிரி.

“முத்துலட்சுமி, அந்தப் பேரை வச்சது...”

“நீங்கதான். தெரியும்.”

ஹாலில் எல்லோரும் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீட்டுகளில் அப்படி என்ன இருந்ததோ.

“எப்படித் தெரியும்?”

“உங்க செட்டிங்ஸ்ல கடைசியில ஒரு பக்கம் இருக்குல்லா, ‘இந்தக் கணினியைப் பற்றி’ன்னு? ‘சொற்களும் வடிவமைப்பும்: கோமதி, ராஜபாளையம்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கீக. எல்லாம் போன அன்னைக்கு ஒவ்வொரு பக்கமாத் தெறந்து பாத்தேன். அதுல எனக்குப் பாத்ததும் புரிஞ்சது அந்த ஒரு பக்கம்தான். பொறவு உங்க முதலாளி போன்ல, ‘கோமதின்னு ஒருத்தரை அனுப்புதேன்’னாரு.”

“அப்ப அன்னைக்கு எதுக்கு ‘பேரை வச்சவன்’னு சொன்னீங்க?”

“வச்சவள்னு சொன்னா காபியைக் குடிச்சிருக்க மாட்டீகள்லா?”

பெண்கள் அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். முத்துலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக ஜன்னல் பக்கம் அழைத்துப்போனாள்.

“மொத நாள் நெசமாவே கோவம்தான். ஒரு நா வருவாக, மன்னிப்புக் கேட்டுட்டு ஓடிருவாகன்னு நெனச்சேன். திட்டுறதுக்கு வரிசையா வச்சிருந்தேன். நீங்க மன்னிப்பும் கேக்கல, ஓடவும் இல்ல. தெனமும் பையைத் தூக்கிட்டு வந்து நிக்கீக. ஒருத்தியை எப்படித்தான் திட்டுறது?”

“மன்னிச்சிருங்க,” என்றேன்.

“இம்புட்டு நாள் கழிச்சா? போ ஏட்டி. போய் அந்தச் சீட்டையெல்லாம் பொறுக்கு, பாடம் நடத்தணும்.”

வாழ்க்கையில் மேடம் பட்டம் பறிபோனதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ரகு ராஜாவும் எழுத்தின் அளவும்

புதிய பக்கத்தை வரைந்து எடுத்துக்கொண்டு போனபோது ரகு ராஜா ஏற்கவில்லை. பெரிய கல்லூரி ஒன்று நூறு கம்ப்யூட்டர் கேட்டிருந்தது. அதைக் காட்டுவதற்கு அடுத்த வாரம் போக வேண்டியிருந்தது.

“‘அழி’ன்னு ஒரு பொத்தான் இருந்தா எவன் வாங்குவான்? ‘பார்க்க, கேட்க, தட்ட’வாம். ஒண்ணாங்கிளாஸ் பாடப் புத்தகமாம்மா இது? மீட்டமைங்கிறது எம்புட்டு கம்பீரமா இருக்கு!”

“சார், ஒரு நிமிஷம் உட்காருங்க. பழைய பக்கத்துல எழுத்தை மட்டும் பெருசாக்கிக் காட்டுங்க. நான் பேசமாட்டேன்.”

இது அவருடைய கம்பெனி, அவருடைய கம்ப்யூட்டர். தெம்பாகத்தான் உட்கார்ந்தார். ‘மேம்பட்டவை’க்குப் போனார். வெளியே வந்தார். ‘முன்னுரிமைகள்’ திறந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டார். மௌஸ் சரியில்லை என்றார். செந்தில் வேறு மௌஸ் கொடுத்தார். அதுவும் சரியில்லை என்றார். கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்து, நீலமாக இருந்த ஒரு பொத்தானை நோக்கி அம்பைக் கொண்டுபோனார்.

“சார்!” என்று நானும் செந்திலும் ஒரே குரலில் கத்தினோம்.

கையை எடுத்துவிட்டார். திரையை உற்றுப் பார்த்தார். “ஏமிதி!” என்றார் தெலுங்கில், என்ன இது என்று. பிறகு தமிழில், “ரெண்டு வருசம் அடிச்சு வச்சிருந்தாங்கன்னா சொன்னே?” என்று கேட்டார். அன்று சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்து, “அழின்னே போடு. செவப்புல போடு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கல்லூரி கம்ப்யூட்டர் வாங்கவில்லை. காரணம் எங்கள் பெயர்கள் அல்ல, அவர்களுக்குத் தமிழே வேண்டியிருக்கவில்லை. வேறு இடங்கள் வாங்கின.

இப்போது அந்தப் பொத்தான் நான்கு பக்கம் தாண்டி, தனியாக ஓர் ஓரத்தில் இருக்கிறது. ‘எல்லாவற்றையும் அழி’ என்பது பெயர். அழுத்தினால், ‘உங்கள் கோப்புகள் எதுவும் திரும்ப வராது’ என்று சொல்லும். ‘ஆம், இல்லை’ கிடையாது. ‘அழி’ என்று ஒன்று, ‘வேண்டாம், அப்படியே இருக்கட்டும்’ என்று இன்னொன்று. தூக்கம் ஒன்றே ஒன்றுதான். இன்னொன்றைச் செந்திலைக் கேட்டு எடுத்துவிட்டேன், யாரும் அதைத் தேடவில்லை.

முத்துலட்சுமியின் வகுப்பிலிருந்து அந்த முறை நான்கு பேர் எழுத்துத் தேர்வில் தேறினார்கள். பேச்சியம்மாள் தேறவில்லை. அடுத்த முறை தேறி, ஓட்டத்திலும் தேறி, இப்போது காக்கி உடுத்தியிருக்கிறாள். மறந்துபோன அந்த விளக்கம் முத்துலட்சுமிக்கு ஞாபகம் வரவே இல்லை. புதிதாக எழுதியது அந்த அளவுக்கு இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

புதிய பதிப்பு வெளிவருவதற்கு முந்தின வாரம் அவளுக்கு போன் செய்தேன். ‘இந்தக் கணினியைப் பற்றி’ பக்கத்தில் அவள் பெயரையும் பேச்சியம்மாள் பெயரையும் சேர்க்கப்போகிறேன், நியாயமாக அவர்கள் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று சொன்னேன்.

“ஐயையோ, எங்க பேரு வேண்டாம்.”

“ஏன்?”

“நாளைக்கு எவளாச்சும் எதையாச்சும் அமுக்கி, இருக்கிறது போயிருச்சுன்னா என்னையத் தேடி வந்துருவாளே. உம் பேரு மட்டும் இருக்கட்டும் ஏட்டி. ராஜபாளையம்னு போட்டிருக்கேல்ல, அதுல தெருப் பேரையும் சேத்துப் போடு.”

சேர்த்துப் போட்டேன். இதுவரை இரண்டு பேர் தேடி வந்திருக்கிறார்கள். ஒருவர் மூன்றாம் பக்கத்தில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்று சொல்ல வந்தார். இருந்தது. இன்னொருவர் அய்யனார் கோவில் பக்கமிருந்து, மௌஸ் நகரவில்லை என்று அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். அது என் வேலை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தத் துண்டை அத்தனை பத்திரமாகப் பிரித்ததைப் பார்த்துவிட்டு, வாங்கிக் கழற்றி, உள்ளே உருளையில் சுற்றியிருந்த முடியை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். நகர்ந்தது.